எல்லையோரக் கேரளத் தமிழர்கள் பஞ்சாயத்திடம் கணக்குக் கேட்பது எப்படி?

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு தண்ணீர் லாரி. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் தெரு இருக்கிறது. கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் மார்ச் மாதத்தில் இங்கே வந்து பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணறுகள் வற்றிவிடும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். லாரித் தண்ணீரை நம்பித்தான் அடுப்பு எரியும். ஒன்றுவிட்டு ஒரு நாள் வரவேண்டிய லாரி எங்கள் தெருவுக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை வந்தது. இரண்டு கோடை முழுவதும் வாயால் கேட்டோம். மூன்றாவது கோடையில்தான் காகிதத்தில் கேட்கக் கற்றுக்கொண்டோம்.

முதல் மனு கொடுத்த நாளிலிருந்து லாரி ஒழுங்காக வரத் தொடங்கிய நாள்வரை 14 மாதங்கள் ஆயின. அதில் பாதிக்கு மேல் எங்களுடைய தவறுகளால் போனது. தவறான அலுவலகத்துக்கு எழுதினோம், ரசீது வாங்காமல் வந்தோம், சங்கத்தின் பெயரில் மனுப் போட்டோம். நீங்கள் அந்த மாதங்களை இழக்க வேண்டாம். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் இருக்கும் தமிழர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதிலும், தெருவில் நான்கு பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாமே என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு.

1. முதலில் ஆட்களைச் சேருங்கள், பதிவு பிறகு

பெயர்ப்பலகை, லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு என்று தொடங்குகிற குழுக்கள் பெரும்பாலும் முதல் கூட்டத்தோடு நின்றுவிடுகின்றன. மனுப் போடவோ கிராம சபையில் பேசவோ கணக்குக் கேட்கவோ பதிவு செய்த சங்கம் தேவையே இல்லை. வாக்காளராக இருந்தால் போதும். எழுதத் தெரிந்த ஒருவர், மலையாளம் சரளமாகப் படிக்கத் தெரிந்த ஒருவர், பகலில் அலுவலகம் போய்வர நேரம் இருக்கும் ஒருவர், தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் உரிமையோடு நுழையக்கூடிய ஒருவர் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

அந்தக் கடைசி ஆளைத் தேட வேண்டியதில்லை. உங்கள் வார்டில் குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் பெண்கள் சுயஉதவிக் குழுவான அயல்கூட்டம் கட்டாயம் இருக்கும். வாராவாரம் கூடுகிற பெண்கள் அவர்கள். தண்ணீர், ரேஷன், ஓய்வூதியம் என்று எதில் எந்த வீட்டுக்கு என்ன குறை என்பது அவர்களுக்குத் தெரியும். நாங்கள் ஆண்கள் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது ஒன்றும் நகரவில்லை. அயல்கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் கையெழுத்து சேர்ந்தது.

ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, நில வரி எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் அது நான்கு மேசைகளுக்குப் போகும், ஒரு மேசையிலிருந்தும் பதில் வராது.

உடனே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. எதிர்வீட்டு அக்கா அடுக்களைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், லாரி வந்த நாள்களில் ஒரு சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் எத்தனை குடம் கிடைத்தது என்று எண்ணும் எழுதிவைத்திருந்தார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. பால் கணக்கு எழுதுவதைப் போல எழுதினார். பின்னால் எங்கள் கையில் இருந்த மிகப் பெரிய ஆதாரம் அந்த நாள்காட்டிதான். உங்கள் பிரச்சினை எதுவானாலும் அதைத் தேதியோடு எழுதிவைக்க ஒரு வீட்டை இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

2. எந்த அலுவலகம் என்று உறுதி செய்யுங்கள்

நாங்கள் மூன்று மாதத்தைத் தொலைத்த இடம் இது. தண்ணீர் என்றதும் குடிநீர் வாரியத்துக்கு எழுதினோம். குழாய் இணைப்பு, குழாயில் வரும் நீர் ஆகியவைதான் அவர்கள் பொறுப்பு. எங்கள் வார்டுக்கு லாரி அனுப்பும் கணக்கு பஞ்சாயத்திடம் இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், தெருவிளக்கு, வார்டுச் சாலை, சாக்கடை, வீட்டு வரி, கட்டட அனுமதி ஆகியவை கிராமப் பஞ்சாயத்தில். நில வரி, வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவை வில்லேஜ் ஆபீஸிலும் தாலுகா ஆபீஸிலும். பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையிடம். தமிழ்நாட்டிலிருந்து குடிவந்தவர்கள் அங்கே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கிற பலவற்றை இங்கே வில்லேஜ் ஆபீஸரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வீடு இப்போது எந்த வார்டில் இருக்கிறது என்று பாருங்கள். 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கேரளம் முழுவதும் வார்டு மறுவரையறை நடந்தது. பழைய எண்ணை எழுதினால் மனு வேறு உறுப்பினரிடம் போய்ச் சேரும். புதிய வாக்காளர் பட்டியலை எடுத்து, உங்கள் வரிசை எண்ணோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நான்காவது படியில் அல்லாவிட்டாலும் ஐந்தாவது படியில் இது கட்டாயம் தேவைப்படும்.

3. தமிழில் எழுதலாம், எங்கே, எப்படி?

முதல் மனுவைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பஞ்சாயத்து அலுவலகத்தின் முன் மேசையில் இருந்தவர் தாளை வாங்கினார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், மறுபடி முன்பக்கம் திருப்பினார். பிறகு மேசைமேல் வைத்து ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார். "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும், உங்களுக்கும் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரி மத்திய, மாநில அரசின் எந்த அதிகாரிக்கும் அங்கே வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமைகளோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தங்கள் மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. வாங்க மறுத்தால் இந்த இரண்டையும் அமைதியாகச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அதே மனுவைத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் சேவை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமையை விட்டுக்கொடுக்காமல் வேலையையும் முடிக்க எங்களுக்குக் கைகொடுத்த வழி வேறு. தமிழ் மனுவே மூலம், அதில்தான் கையெழுத்து. அதோடு கையெழுத்தில்லாத ஒரு மலையாள மொழிபெயர்ப்பை இணைத்துவிடுவோம். மேசையில் இருப்பவருக்கு உடனே புரியும், மனு ஓரமாகக் கிடக்காது. மலையாளப் பள்ளியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் தெருவில் இருந்தால் போதும்.

அரசு அலுவலகத்தில் உள்ள காகிதங்களைக் கேட்டுப் போடும் தகவல் உரிமை மனு மட்டும் விதிவிலக்கு. அந்தச் சட்டம் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்று சொல்கிறது. அதில் மொழியைப் பற்றி வாதம் வேண்டாம். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுங்கள். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது தகவல் அதிகாரியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

பெயர் எழுத்து பற்றியும் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுப் பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், ரேஷன் அட்டையில் மலையாளத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் இருப்பது எல்லையில் எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்றிதழ் தருவார்கள். சான்றிதழோ உதவித்தொகையோ கேட்டு விண்ணப்பிக்கப் போகிறவர் முதலில் இதை வாங்கிவிடட்டும்.

4. தகவல் உரிமை மனு: பத்து ரூபாயில் தொடங்குகிறது

முழுக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேரள அரசு அலுவலகங்களில் மனுக் கட்டணம் 10 ரூபாய். மனுவில் 10 ரூபாய்க்குக் கோர்ட்டு ஃபீ ஸ்டாம்பு ஒட்டலாம். அல்லது அலுவலகத்திலேயே பணம் கட்டி ரசீது வாங்கலாம். தபால் ஆர்டர் அனுப்பாதீர்கள். மத்திய அரசு அலுவலகங்களில் அது செல்லும். கேரள விதிகளில் அது இல்லை. எங்கள் இரண்டாவது மனு அப்படித்தான் திரும்பி வந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் கிடையாது. அட்டையின் நகலை இணைக்க வேண்டும்.

சங்கத்தின் பெயரில் மனுப் போடக் கூடாது. இந்தச் சட்டம் குடிமகனுக்குத் தரும் உரிமை. "செயலாளர், இன்ன நலச்சங்கம்" என்று கையெழுத்திட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும். உங்கள் சொந்தப் பெயரும் வீட்டு முகவரியும் மட்டும் எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். "எங்கள் தெருவுக்கு ஏன் லாரி வரவில்லை?" என்று எங்கள் முதல் மனுவில் எழுதியிருந்தோம். அதற்கு "அவ்வாறான தகவல் இந்த அலுவலகத்தில் இல்லை" என்று பதில் வந்தது. சட்டப்படி அந்தப் பதில் சரிதான். இந்தச் சட்டத்தில் காகிதத்தைத்தான் கேட்க முடியும், விளக்கத்தைக் கேட்க முடியாது. அலுவலகத்தில் எந்தக் காகிதம் இருக்கும் என்று யோசித்து அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நாங்கள் கேட்டது இப்படி:

"இந்த ஆண்டு மார்ச் 1 முதல் மே 31 வரை இன்ன வார்டில் லாரி மூலம் குடிநீர் வழங்கியதற்கான டிரிப் ஷீட்டுகளின் நகல். மேற்படி காலத்துக்கு ஒப்பந்தக்காரருக்குப் பணம் வழங்கிய பில், வவுச்சர்களின் நகல். லாரியில் ஜி.பி.எஸ். பொருத்தப்பட்டிருந்தால் அதன் பதிவின் நகல். இந்த வேலைக்கான டெண்டர் நிபந்தனைகளின் நகல்."

டிரிப் ஷீட் என்பது லாரி எந்த நாளில் எங்கே நடை போனது என்று எழுதும் தாள். நான்கு வரிதான். காலம், வார்டு, காகிதத்தின் பெயர் மூன்றும் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறதா என்று சரிபார்த்து அனுப்புங்கள்.

பதில் 30 நாளில் வர வேண்டும். நகல் எடுக்கப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு கடிதம் வரும். அந்தப் பணத்தைக் கட்டும்வரை நாள் கணக்கு நின்றிருக்கும், அதனால் உடனே கட்டிவிடுங்கள். 30 நாள் தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும். நிறைய காகிதம் என்றால் நகல் கேட்காமல் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணிநேரத்துக்குக் கட்டணம் இல்லை. தவறான அலுவலகத்துக்குப் போட்டுவிட்டாலும் 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். நடைமுறையில் மாற்றம் தாமதமாகும் என்பதால் இரண்டாவது படியைத் தவறவிடாதீர்கள்.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதே அலுவலகத்தின், அல்லது துறையின், மேலதிகாரி அதைக் கேட்பார். பெயரும் முகவரியும் பதில் கடிதத்திலேயே இருக்க வேண்டும். அவர் 30 நாளில், கூடிப்போனால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரியில்லையென்றால் 90 நாளுக்குள் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தகவல் தர வேண்டிய அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. ஆனால் அங்கே காத்திருப்பு நீளும். முதல் மேல்முறையீட்டை நன்றாக எழுதினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எங்களுக்கும் அங்கேதான் காகிதம் கிடைத்தது.

வந்த காகிதங்களை எதிர்வீட்டு அக்காவின் நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தோம். ஏப்ரல் மாதத்துக்கு டிரிப் ஷீட்டில் 13 நடை. நாள்காட்டியில் 6 வட்டம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தார். 14ஆம் தேதிக்கு வந்ததும் நிறுத்தினார். "அன்று விஷு. லாரி வராததால் கோயில் கிணற்றிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன். இங்கே வந்ததாக எழுதியிருக்கிறதே" என்றார். அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த வித்தியாசத்தைக் கண்டதும் அன்றே வாட்ஸப்பில் போட்டு யாரையும் திருடர் என்று எழுதிவிடாதீர்கள். அவதூறு வழக்கு வந்தால் குழு சிதறும். காகிதத்தையும் நாள்காட்டியையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும். முடிவைக் கிராம சபை சொல்லட்டும்.

5. கிராம சபை: இங்கே வார்டுக்கு ஒரு சபை

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் செய்யும் தவறு இது. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி என்று குறித்த நாள்களில் கூடும். கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனி கிராம சபை. அந்த வார்டின் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். குறித்த தேதி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்டியாக வேண்டும். ஆகஸ்ட் 15க்காகக் காத்திருந்தால் கூட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். அதனால் வார்டு மெம்பரிடமோ பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையிலோ தேதியை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு வார்டு மெம்பருடையது. தலைமை பஞ்சாயத்துத் தலைவருடையது. வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். 1994ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆண்டின் முதல் கூட்டத்தில் முந்தைய ஆண்டின் வரவுசெலவும், செய்த வேலைகளும், இந்த ஆண்டு செய்யப்போகிறவையும் வைக்கப்பட வேண்டும். முந்தைய சபையின் முடிவு நிறைவேறாவிட்டால் ஏன் என்று தலைவர் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "போன கூட்டத்தின் இன்ன தீர்மானம் என்ன ஆயிற்று?" என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். அதற்குப் பதில் சொல்லக் கடமை இருக்கிறது.

கூட்டமே கூட்டாவிட்டால் என்ன செய்வது? பத்து சதவீத வாக்காளர்கள் எழுத்தில் கேட்டால், அவர்கள் கொடுத்த விஷயத்தை வைத்து 15 நாளுக்குள் சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு இடையே ஒருமுறைதான் இப்படிக் கேட்கலாம், அதனால் வீணாக்காதீர்கள். வார்டில் 1,200 வாக்காளர் என்றால் 120 கையெழுத்து வேண்டும். 150 வாங்குங்கள். வெளியூர் போனவர், வேறு வார்டுக்கு மாறியவர் என்று சிலரை நீக்கிவிடுவார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கு எதிரிலும் வாக்காளர் பட்டியல் வரிசை எண் இருக்க வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம், மதியச் சாப்பாட்டுக்குள் 140 கிடைத்தது. அயல்கூட்டப் பெண்கள் வீடுவீடாக நடந்து முடித்த வேலை அது.

கூட்ட நாளுக்கு முன் மூன்று பேரைப் பேச ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், ஒரே விஷயம். தமிழிலேயே பேசலாம், எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, கூட்டத்தில் வாசித்து, "இதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். கூட்டத்தின் முடிவுகளைப் பதியும் புத்தகம் அது. எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படிக் கேட்காத முதல் கூட்டத்தில் "குடிநீர் பற்றி விவாதிக்கப்பட்டது" என்று ஒற்றை வரிதான் ஏறியிருந்தது. அடுத்த கூட்டத்தில் "வாரத்தில் மூன்று நடை, டிரிப் ஷீட்டில் அந்தத் தெருவில் ஒருவரின் கையெழுத்து" என்று ஏற்றவைத்தோம். கூட்டம் முடிந்த வாரத்திலேயே மினிட்ஸ் நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

வருகைப் பதிவேட்டில் கூட்டத்துக்கு வந்த பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள். சில இடங்களில் எண்ணிக்கையைக் காட்ட வீட்டுக்கே கொண்டுவந்து வாங்குவதுண்டு. அன்போடு மறுத்துவிடுங்கள். உங்கள் கையெழுத்து, நீங்கள் கேட்காத ஒரு தீர்மானத்துக்குச் சம்மதமாக மாறிவிடும்.

வார்டு மெம்பரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். பஞ்சாயத்துச் செக்ரட்டரி மேசையில் உள்ள காகிதம் பெரும்பாலான மெம்பர்களுக்கே கிடைப்பதில்லை. எங்கள் மெம்பர் அந்த டிரிப் ஷீட்டுகளை முதன்முதலில் பார்த்தது எங்கள் கையில்தான். அதன் பிறகு எங்களோடு நின்றார். நம் தாலுகாவிலேயே, பெருமாட்டி பஞ்சாயத்துக்கு உட்பட்ட பிளாச்சிமடையில், 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலைக்கு எதிராக மக்கள் உட்கார்ந்தார்கள். 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது அந்தப் பஞ்சாயத்துதான். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மக்கள் வெளியே நெருக்கினால் பஞ்சாயத்துக்கு உள்ளே தைரியம் வரும்.

6. சான்றிதழ்கள் தாமதமானால்

இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுக் கேரள மாநில சேவை உரிமைச் சட்டப்படி, ஒவ்வொரு சேவையும் எத்தனை நாளில் தரப்பட வேண்டும் என்று துறைவாரியாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் அலுவலகத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். நாள் தாண்டினால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 60 நாளுக்குள் இரண்டாவது. தாமதித்த அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 5,000 ரூபாய் வரை அபராதம் வரலாம்.

பொறி எங்கே இருக்கிறது என்றால், விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீது இல்லாமல் நாள் கணக்கே தொடங்காது. அரசு விண்ணப்பங்களை இணையத்தில் போட்டுத் தரும் அக்ஷயா கேந்திரத்தில் போட்டாலும் விண்ணப்ப எண் உள்ள தாளை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

7. வேலை நடக்கும்போதே பாருங்கள்

சாலையோ சாக்கடையோ போட்டு முடித்த பிறகு தரம் சரியில்லை என்று சொல்வதில் பயன் குறைவு. கான்கிரீட் இறுகிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வேலை தொடங்கும் வாரமே எஸ்டிமேட்டின் நகலைக் கேளுங்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் அதில் இருக்கும். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து, தேதி தெரியும்படி படம் எடுங்கள். முடிந்த பிறகு, செய்த வேலையின் அளவுகளைப் பதிந்துவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலை வாங்கி ஒப்பிடுங்கள். பொருளின் மாதிரியை எடுக்கவும் வேலையைப் பார்வையிடவும் தகவல் உரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஓவர்சியரிடம் தளத்தில் சண்டை போட வேண்டாம். தொழிலாளிகளிடம் கட்டாயம் வேண்டாம்.

8. பஞ்சாயத்தே கேட்காவிட்டால்

உள்ளாட்சி அமைப்புகளுக்கென்று கேரளத்தில் ஆம்புட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் அதிகாரி, இருக்கிறார். முறைகேடு, நிதி இழப்பு, கடமை தவறுதல் பற்றிப் புகார் தரலாம். உரிமம், வரி போன்ற பஞ்சாயத்து ஆணைகளுக்கு எதிரான மேல்முறையீட்டுக்குத் தனியாக ஒரு தீர்ப்பாயம் உண்டு. இரண்டும் வேறு, குழப்பிக்கொண்டால் மாதங்கள் போகும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை ஆம்புட்ஸ்மன் எடுக்கமாட்டார். நாங்கள் அதுவரை போகவில்லை. டிரிப் ஷீட், பில், நாள்காட்டியின் படம், மினிட்ஸ் நான்கையும் இணைத்துப் புகாரைத் தயாராக வைத்திருந்தோம், லாரி வந்துவிட்டது.

9. இனிமேல் பதிவு, பணம்

ஓராண்டு சேர்ந்து வேலை செய்த பிறகு பதிவைப் பற்றி யோசியுங்கள். குறைந்தது 7 பேர், நோக்கக் குறிப்பு, விதிகள், நிர்வாகிகள் பட்டியல், முகவரிச் சான்று ஆகியவற்றோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் அன்போடு கொடுத்த மாதிரி விதிகள் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதப்பட்டவை; இங்கே செல்லாது. கேரளத்துக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மலபார் பகுதிக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டம், பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். சித்தூர் தாலுகா முன்பு கொச்சியோடு இருந்தது. அதனால் பாலக்காடு நகரத்துச் சங்கத்தின் விதிகளை அப்படியே நகலெடுக்காதீர்கள். எந்தச் சட்டத்தின் பெயரை எழுத வேண்டும் என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தட்டச்சுக்குக் கொடுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் தெருப் பிள்ளைகள் பணம் அனுப்ப முன்வருவார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்தத் தம்பியே ஆனாலும், சங்கத்துக்கு அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவோ அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஒப்பந்தக்காரரிடமிருந்தும் கட்சிக்காரரிடமிருந்தும் பேனர் செலவுக்குக்கூட வாங்காதீர்கள். எங்கள் 14 மாதச் செலவு முழுவதும் ஸ்டாம்பு, நகல், தபால், பஸ் சேர்த்து 1,900 ரூபாய்க்குள் முடிந்தது. வீட்டுக்கு 50 ரூபாய் வாங்கினோம். அந்தக் கணக்கை அயல்கூட்டத்தில் மாதாமாதம் வாசித்தோம். பஞ்சாயத்திடம் கணக்குக் கேட்பவர்கள் முதலில் சொந்தக் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

10. எப்போது தொடங்குவது?

லாரித் தண்ணீர் என்றால் டிசம்பரில். மார்ச்சில் தொண்டை வறண்ட பிறகு போட்ட மனுவுக்கு ஏப்ரல் கடைசியில்தான் பதில் வரும். டிசம்பரில் சென்ற கோடையின் காகிதங்களைக் கேளுங்கள், ஜனவரியில் கையில் இருக்கும், அடுத்த கிராம சபையில் வைக்கலாம். சாலை, சாக்கடை என்றால் நிதியாண்டு முடியும் மார்ச் 31க்கு முந்தைய மூன்று மாதமும் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். முடிக்காத வேலையை முடித்ததாகக் காட்டும் அவசரம் அப்போதுதான் வரும்.

எல்லாக் காகிதத்தையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் போடுங்கள். முத்திரை மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே நின்று மறுபடி குத்தச் சொல்லுங்கள். அசல் ஒரு வீட்டிலும் நகல் வேறு வீட்டிலும் இருக்கட்டும். கைப்பேசியில் படமும் இருக்கட்டும். குழுவில் ஒருவருக்கு வேலை மாற்றல் வந்து போய்விட்டாலும் அடுத்தவர் எடுத்து நடத்த முடியும்.

புதிய நாள்காட்டி வந்ததும் அதை அடுக்களையில், வாசலிலிருந்து லாரிச் சத்தம் கேட்கிற பக்கச் சுவரில் மாட்டுங்கள். பேனாவை ஒரு நூலில் கட்டி அதிலேயே தொங்கவிடுங்கள்.